ஆர்த்தோ ரெசிடென்சி: கத்தி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

அமெரிக்காவில் ஆர்த்தோ ரெசிடென்சிக்கு (எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சையில் ஐந்து வருடப் பயிற்சி) விண்ணப்பிக்கும் நான்காம் ஆண்டு மருத்துவ மாணவர்கள், வெளி மருத்துவமனைகளில் தலா நான்கு வாரம் போல வருகைப் பயிற்சி செய்வது வழக்கம். பலரும் அந்த நாட்களை நல்ல பெயர் வாங்குவதிலேயே செலவழித்துவிடுகிறார்கள். ஐந்து வருடம் அங்கே உழைக்கப்போவது நீங்கள்தானே, அந்த இடத்தை நீங்களும் எடைபோட வேண்டாமா?

முதலில் ஆப்பரேஷன் தியேட்டர். ரெசிடென்ட் (பயிற்சி மருத்துவர்) எத்தனை கேஸ் பதிவு செய்திருக்கிறார் என்ற எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். தோலைத் திறந்து, கடைசியில் தையல் போட்டவருக்கும் அது ஒரு கேஸாகக் கணக்கில் ஏறிவிடலாம். நடுவில் நடப்பதைக் கவனியுங்கள். இடுப்பு எலும்பு முறிவுக்கு நெயில் (எலும்புக்குள் செலுத்தும் உலோகக் கம்பி) போடும்போது முறிவை நேராக்குவது யார்? நெயிலின் நுழைவுப் புள்ளியை சி-ஆர்ம் (தியேட்டரிலேயே எடுக்கும் எக்ஸ்ரே) படத்தில் தேர்ந்தெடுப்பது யார்? தொடை எலும்பின் தலைக்குள் போகும் திருகு சரியான இடத்தில் நிற்கிறதா, டிப்-அபெக்ஸ் தூரம் (திருகின் நுனிக்கும் அந்தத் தலையின் உச்சிக்கும் உள்ள இடைவெளி) 25 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று முடிவு செய்வது யார்? நான்காம் ஆண்டு ரெசிடென்ட் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றால் அங்கே பயிற்சி பலவீனம். ஒரு கேஸை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். பல அட்டெண்டிங்குகளிடம் (பொறுப்பு வகிக்கும் மூத்த டாக்டர்கள்) ஒரே மாதிரி நடந்தால் சந்தேகமே இல்லை.

ஃபெலோக்கள் (ரெசிடென்சி முடித்து ஒரு துணைப்பிரிவில் மேற்பயிற்சி பெறுபவர்கள்) இருக்கும் பிரிவில் கூடுதல் கவனம் தேவை. ஒரே மேஜையில் ஃபெலோவும் சீஃப் ரெசிடென்டும் (கடைசி ஆண்டு ரெசிடென்ட்) நின்றால் முக்கியக் கட்டங்கள் யாருக்குப் போகின்றன? முதுகெலும்பு கேஸ்களை நியூரோ சர்ஜரியும், கை கேஸ்களை பிளாஸ்டிக் சர்ஜரியும் பங்கு போடும் மருத்துவமனைகள் உண்டு. பங்கு எப்படி என்று கேட்டுவிடுங்கள். வெட்டரன்ஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு) மருத்துவமனைச் சுழற்சி இருந்தால், அங்கே எவ்வளவு சுதந்திரம் கிடைக்கிறது என்று சீனியர்களிடம் விசாரிக்கலாம்.

ஓர் இரவு டியூட்டியாவது கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் எமர்ஜென்சியைத் தாங்குவது இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட். மணிக்கட்டு முறிவை இழுத்து நேராக்கி ஸ்ப்ளின்ட் போட்டு, மறுபடி எக்ஸ்ரே எடுப்பதெல்லாம் அவர் தனியாகச் செய்யலாம், தவறில்லை. ஆனால் காலில் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் (தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடும் அவசர நிலை) சந்தேகம் என்று அதிகாலை 2 மணிக்கு அழைத்தால் சீனியர் எரிச்சலில்லாமல் வருகிறாரா? அழைக்கவே தயங்கும் ஜூனியரைப் பார்த்தால் அந்த இடத்தின் பழக்கம் புரிந்துவிடும்.

வாரத்துக்கு 80 மணி நேர வரம்பு நான்கு வாரச் சராசரியில் கணக்கிடப்படுவது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது: வீட்டிலிருந்து பார்க்கும் டியூட்டி, அதாவது வீட்டில் இருந்தபடி, அழைப்பு வந்தால் மருத்துவமனைக்கு வருவது. இரவு முழுக்க மருத்துவமனையில் நின்றவர் மறுநாள் காலை வீட்டுக்குப் போகிறாரா, அந்த மணி நேரங்களை நேர்மையாகப் பதிவு செய்கிறாரா என்று மெல்லக் கேளுங்கள். சீஃப் முன்னால் அல்ல.

எலும்பு முறிவு கேஸ்களை அலசும் காலைக் கூட்டத்தில் கேள்விகள் கற்பிக்கவா, அவமானப்படுத்தவா என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும். சமீப ஆண்டுகளில் யாராவது பாதியில் விலகினார்களா என்ற கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்த்ததை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். எந்த இடம் முதலில் வேண்டும் என்று தரவரிசைப் பட்டியல் போடும் குளிர்காலத்தில் எல்லா இடமும் ஒன்றுபோலவே நினைவிருக்கும். நோயாளி விவரம் எதுவும் அந்தக் குறிப்பில் வேண்டாம்.