டிராகன் கதையை விடுங்கள், துடைப்பத்தைப் பாருங்கள்

இந்தக் கோடை விடுமுறையிலும் கண்ணில் அம்பு குத்திய பிள்ளை வந்துவிட்டது. குடியாத்தம் பக்கத்துப் பையன், பத்து வயது. மூங்கில் பிளாச்சை வளைத்து வில், துடைப்பக் குச்சியில் அம்பு, முனையில் குண்டூசி. எதிரிப் படையாக நின்ற தம்பி விட்ட அம்பு கருவிழியில் குத்தியிருக்கிறது. மூன்று நாள் கழித்துத்தான் வேலூருக்கு, கண் டாக்டரான என்னிடம் அழைத்து வந்தார்கள். அப்பா வாயைத் திறந்ததுமே, "எல்லாம் அந்தக் கத புக்கால வந்தது டாக்டர். அடுப்புல போட்டுட்டேன்" என்றார்.

பள்ளி நூலகத்துப் புத்தகம் அது. கோட்டை, குதிரைவீரர்கள், டிராகன், வில்லெடுத்துக் கிளம்பும் ஓர் அநாதைச் சிறுவன் என்று போகும் நாவல். சரி, அதை எரித்தாயிற்று. வீட்டுத் துடைப்பத்தில் மிச்சமிருக்கும் குச்சிகளை என்ன செய்வது?

வில்லும் அம்பும் நம் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு வெள்ளைக்கார நாவல் கற்றுக்கொடுத்ததா? வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊரில் எல்லாம் பாரதக் கூத்து நடக்கிறது. அர்ஜுனன் தபசுக்கு மரம் ஏறுவதைப் பார்க்கக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். மறுநாள் காலையில் தெருவில் அத்தனை பொடிசுகளும் அர்ஜுனன்தான். அதற்காகக் கூத்தை நிறுத்தச் சொல்கிறோமா? புத்தகத்தைத் தொடாத பிள்ளையும் இதே குச்சியோடு என்னிடம் வந்திருக்கிறது. கதை படிக்கிற பிள்ளை வேலூர்க் கோட்டையின் அகழியைப் பார்த்ததும், இதைத் தாண்டி எதிரி எப்படி உள்ளே வந்திருப்பான் என்று யோசிக்கும். அந்த யோசனையை அடுப்பில் போடாதீர்கள்.

இதில் என் கோபம் இன்னொன்று. பையன் மூன்று நாள் ஏன் வாய் திறக்கவில்லை? புத்தகத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். "தூசி விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டான். பாட்டி பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டார். அப்பா மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினார். அதில் ஸ்டீராய்டு, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து இருந்தது. ஈர்க்குச்சி, முள், கரும்புத் தோகை மாதிரிச் செடிப்பொருள் குத்தினால் பூஞ்சைத் தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் ஸ்டீராய்டு விடுவது பூஞ்சைக்குச் செய்யும் உபகாரம். காயம் ஆறினாலும் கருவிழியில் பூ விழுந்துவிடும். தொற்று கண்ணுக்குள் இறங்கினால் கண்ணையே காப்பாற்றுவது கஷ்டம்.

"நல்லாத்தான பார்த்தான், வலியே இல்லன்னான்" என்பார்கள். கருவிழி கிழிந்ததும் உள்ளே பாப்பாவைச் சுற்றி இருக்கும் நிறத்திரையான கருந்திரை (ஐரிஸ்) வந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். வலி அடங்கிவிடலாம். வெளியே பார்த்தால் சின்னக் கறுப்புப் புள்ளி. குச்சித் துண்டு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து முந்தானை நுனியால் எடுக்கப் பார்ப்பார்கள். ஐயோ, அது கண்ணின் சதை! எங்கள் ஆட்கள் டார்ச் அடித்ததும் முதலில் பார்ப்பது கண்ணின் பாப்பாவைத்தான். வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் அறுவை அரங்குக்குச் சொல்லி அனுப்பிவிடுவோம்.

குச்சி குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். இதற்கு அந்த மாதிரி நாவல்களில் வரும் கோட்டை, குதிரைவீரர் காலத்திலேயே சாட்சி இருக்கிறது. 1403இல் ஷ்ரூஸ்பரி போரில் இங்கிலாந்து இளவரசன் ஹென்றிக்கு முகத்தில் அம்பு பாய்ந்தது. வயது 16. தண்டைப் பிடுங்கினார்கள். இரும்பு முனை ஆறு அங்குல ஆழத்தில் உள்ளேயே தங்கிவிட்டது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் அதற்கென்றே ஒரு இடுக்கியை வடிவமைத்து, காயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து அதை வெளியே எடுத்தார். பையன் பிழைத்து ஐந்தாம் ஹென்றி மன்னனானான். வார்டில் பெரிய பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்வேன். பெற்றோர்தான் முகம் சுளிப்பார்கள்.

ஆகவே, கண்ணில் குத்தியது என்று தெரிந்தால் தேய்க்க வேண்டாம், அழுத்த வேண்டாம், கழுவ வேண்டாம். பால், நந்தியாவட்டை, எண்ணெய், மிச்சம் வைத்த சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். காகிதக் கப்பின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணைத் தொடாதபடி மேலே வைத்து ஒட்டிக்கொண்டு உடனே கிளம்புங்கள். சாப்பிடக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்துத் தையல் போட வேண்டிவரும், வயிறு நிறைந்திருந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டும். பிள்ளையைத் திட்டுவதை வீட்டுக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

விளையாட்டு? அட்டைக் கத்தி போதும். அம்பு விட்டே ஆகவேண்டும் என்றால் சுவரில் வட்டம் வரைந்து கொடுங்கள், எதிரே ஆள் நிற்கக் கூடாது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கடையில் விற்கும் ரப்பர் மூடி அம்பையும் நம்பாதீர்கள், மூடி கழன்றுவிடும். ஏற்கெனவே ஒரு கண்ணில் பார்வை குறைவான பிள்ளைக்கு வில்லே வேண்டாம், எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடியும் எப்போதும் முகத்தில் இருக்கட்டும்.

தையல் போட்ட பிறகும் வேலை முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு அடிபட்ட கண் சோம்பிப்போகும். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மறைத்துப் பழக்க வேண்டும். ஊருக்குப் போனதும் வராமல் இருந்துவிடுகிறார்கள், ஆம்பூர் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? குடியாத்தத்துப் பையனின் அப்பா, படித்தால் தையல் பிரியுமா என்று கேட்டார். பிரியாது. கட்டு இருக்கும் வரை நீங்களே படித்துக் காட்டுங்கள் என்று சொன்னேன். நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு அபராதம் கட்டிவிட்டு, அதன் இரண்டாம் பாகத்தை எடுத்து வந்திருக்கிறார்.