மந்தமாக ஒலிப்பது உங்கள் இசைத்தட்டின் குற்றமல்ல

ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் என்ற அமெரிக்க இசைக்குழுவின் ‘தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்’ ஆல்பத்தை வாங்கியவர்கள் தட்டை ஓட்டும் கருவியின் ஊசியை மாற்றித் தரச்சொல்லி எங்களிடம் வருவது நின்றபாடில்லை. “போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது, தட்டு பழுதா?” என்பதுதான் கேள்வி. அதோடு, ஆல்பமே மோசம் என்று ஒரு தீர்ப்பு. தட்டில் பழுதில்லை. 1971 நவம்பரில் வெளிவந்த நாளிலிருந்தே அது அப்படித்தான் ஒலிக்கிறது.

குழுவின் தலைவர் ஸ்லை ஸ்டோன் பல கருவிகளைத் தானே வாசித்து, பதிவதும் அழிப்பதும் அதன்மேல் மறுபடி பதிவதுமாக ஒரே டேப்பைத் தேய்த்தெடுத்தார். பதிவுக் கருவியின் காந்த முனையான ஹெட்டில் டேப் ஒவ்வொரு முறை உரசும்போதும் ஒலியைத் தாங்கும் ஆக்சைடு பூச்சு கொஞ்சம் உதிர்கிறது. உயர் அதிர்வெண்களின் அலைநீளம் மிகச் சிறியது. பூச்சின் மேல்தோலில்தான் அவை தங்கியிருக்கும். அதனால் முதலில் போவது டிரம்ஸில் சிம்பலின் மினுமினுப்பும் குரலில் ‘ஸ’கரத்தின் கூர்மையும். மிஞ்சுவது நடு ஒலியும் இரைச்சலும்.

“ரீமாஸ்டர் வாங்கினால் சரியாகிவிடும்தானே?” இதைத்தான் எத்தனை முறை சொல்வது! ரீமாஸ்டர் என்றால் பழைய பதிவின் ஒலியைத் திருத்தி மறுபடி வெளியிடுவது. அதைச் செய்பவர் கையில் வழக்கமாக இருப்பது எல்லாக் கருவிகளும் ஒன்றாகக் கலந்து முடிந்த இரண்டு தட ஸ்டீரியோ டேப். பியானோவை மட்டும் தனியே துலக்க அதில் வழியில்லை. டேப்பிலிருந்து உதிர்ந்துபோனதை எந்த இயந்திரமும் திருப்பிக் கொண்டுவராது. 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 6 டெசிபல் ஏற்றிப் பாருங்கள்: இரைச்சல் ஏறும், சிம்பல் திரும்பாது. புதிய பதிப்பு ‘தெளிவாக’ இருப்பதாகத் தோன்றினால், இரண்டின் ஒலியளவையும் முதலில் சமன்செய்யுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே காது அதை ‘மேல்’ என்று சொல்லிவிடும்.

‘ஃபேமிலி அஃபேர்’ பாட்டை ஹெட்போனில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மேஸ்ட்ரோ ரிதம் கிங் என்ற தாளப்பெட்டி சலிக்காமல் தட்டிக்கொண்டே போகிறது. அதன்மேல் பில்லி பிரெஸ்டனின் எலெக்ட்ரிக் பியானோ. ஸ்லையின் குரல் தாழ்ந்து, களைத்து, காதுக்கு மிக அருகில் வருகிறது. அந்த மங்கல் இல்லையென்றால் அந்தக் களைப்பும் இல்லை. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு இது. அன்று கேட்டவர்கள் அதைக் குறையாக எண்ணவில்லை.

சோல் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ மீது வேறு புகார்: “எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது.” வரிசையைக் கலைக்கும் ஷஃபிளில் கேட்டால் வேறென்ன கிடைக்கும்? ஒன்பது பாட்டுகள், சுமார் 35 நிமிடம், பெரும்பாலும் ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது கிளம்புகிறது. ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு குழைக்கும் கிராஸ்ஃபேடை அணையுங்கள், இடைவெளியில்லா இயக்கத்தைப் போடுங்கள். கைபேசி ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு “பேஸ் சாதாரணம்” என்று எழுதாதீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தக் குட்டி ஒலிபெருக்கியில் அது வரவே வராது. பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றை விரலால் மீட்டிய வரிகளைக் கேட்காமலே தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் நியூயார்க் அப்பல்லோ அரங்கப் பதிவு 1962 அக்டோபர் 24இல் நடந்தது. அதில் கூட்டத்தின் கூச்சலை மென்பொருளால் நீக்கிக் கேட்கிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம். பிரவுன் இழுப்பதும் கூட்டம் கத்துவதும் சேர்ந்துதான் அந்தப் பதிவு.

நிஜமாகவே தட்டில் பிரச்சினை வரும் இடம் வேறு. தட்டின் ஓரத்தில் வரிப்பள்ளம் நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. உள்வட்டத்தில் சுமார் 21 சென்டிமீட்டர்தான், அதே ஒலி அங்கே நெருக்கியடித்துப் பதிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் குரல் கரகரக்கலாம். அதற்கு ஊசியைச் சுத்தம் செய்யுங்கள், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைத் தாளில் அச்சிட்ட அளவுகோலால் சரிபாருங்கள், ஊசி தட்டை அழுத்தும் எடையைத் தராசில் அளந்துபாருங்கள். ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95ஈ கார்ட்ரிட்ஜுக்கு 2.0 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8. விரலால் தூக்கிப் பார்த்துக் கணிக்காதீர்கள். குறைந்த எடையில் ஊசி பள்ளத்தில் துள்ளித் துள்ளித் தட்டைக் கெடுக்கும்.

இன்னும் சந்தேகமா? அதே குழு 1969இல் வெளியிட்ட ‘ஸ்டாண்ட்!’ ஆல்பத்தை, அதே ஊசியில், அதே ஒலியளவில் ஓட்டுங்கள். அது பளிச்சென்று ஒலித்தால் கருவியில் குறையில்லை, ‘ரயட்’டை அப்படியே கேளுங்கள். அதுவும் மந்தமாக இருந்தால் ஊசியைக் கழற்றிக் கொண்டு வாருங்கள், பார்த்துவிடலாம்.