'எம்.பி. நெகட்டிவ்' என்று எழுதும் முன்

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பையன், வயது 22, ரிக் வண்டியில் வேலை. இரண்டு மாதம் ஒடிசாவில் போர்வெல் போட்டுவிட்டு ஊருக்கு வந்த ஒரு வாரத்தில் காய்ச்சல். ஆறாவது நாள் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது கண் மஞ்சள், பேச்சு குழறல், சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டது. தட்டணுக்கள் 32,000 என்பதால் டெங்கு என்று முடிவு கட்டி, ஐந்து நாளாக நிலவேம்புக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும் கொடுத்திருக்கிறார்கள். "மலேரியா பார்க்கவில்லையா?" என்று கேட்டேன். அவன் அம்மா மஞ்சப்பையிலிருந்து மூன்று ரிப்போர்ட்டுகளை எடுத்து நீட்டினார். மூன்று லேப், மூன்றிலும் ஒரே வரி: எம்.பி. (மலேரியா பாரசைட், அதாவது மலேரியாக் கிருமி) நெகட்டிவ்.

நான் விரல் நுனியில் குத்தி, ரத்தத்தை ஸ்லைடில் தடிமனாகப் பூசும் திக் ஸ்மியர் போட்டேன். மைக்ராஸ்கோப்பில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வட்டம்தான் ஒரு ஃபீல்டு. முதல் ஃபீல்டிலேயே, உயிருக்கு ஆபத்தான மலேரியா வகையான ஃபால்சிபாரத்தின் வளையங்கள் கொத்தாகக் கிடந்தன. ஆர்ட்டெசுனேட் ஊசி, இரண்டு முறை டயாலிசிஸ், பதினோரு நாள் வார்டு. பையன் பிழைத்துவிட்டான். ஆனால் இந்த ஆண்டு இப்படி 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டோடு என் மேசைக்கு வந்த நான்காவது ஆள் இவன். இதற்குமேல் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த மூன்று லேப்களையும் கூப்பிட்டுப் பேசினேன். முதல் லேப்பில் ஸ்லைடை அன்றே கழுவிவிட்டார்கள். இரண்டாவதில் பார்த்தது கார்டு டெஸ்ட், அதாவது ஒரு சொட்டு ரத்தம் விட்டு, கோடு வருகிறதா என்று பார்க்கும் உடனடிச் சோதனை. ரத்தத்தோடு ஊற்றும் பஃபர் திரவம் காலியாகிவிட்டதால் வேறொரு கம்பெனி கிட்டின் பஃபரை ஊற்றியதாக அங்கிருந்த டெக்னீஷியன் பெண் மறைக்காமல் சொன்னார். மூன்றாவது லேப்பில் தட்டணு எண்ணிக்கையைச் சரிபார்க்கப் போட்ட தின் ஸ்மியரையே (மெல்லிய பூச்சு) 'எம்.பி.க்கும் ஒரு பார்வை' பார்த்திருக்கிறார்கள். அந்த ஸ்லைடை வாங்கி வந்து உட்கார்ந்தேன். பதினெட்டாவது ஃபீல்டில், பூச்சின் ஓரத்தில், ஒரு சிவப்பணுவுக்குள் இரண்டு வளையங்கள்.

ஆக, மூன்று ரிப்போர்ட்டில் ஒன்றில்கூட யாரும் முறையாக மலேரியா பார்த்ததற்கு அடையாளம் இல்லை.

நோயாளிகள் மட்டுமல்ல, என்னோடு படித்த டாக்டர்களே 'நெகட்டிவ்' என்றால் 'மலேரியா இல்லை' என்று படிக்கிறார்கள். அது அப்படி இல்லை. 'நான் தேடிய அளவுக்குக் கண்ணில் படவில்லை' என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். எவ்வளவு தேடினார்கள் என்று தெரியாவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. ஒரு திக் ஸ்மியரில் ஆயில் இம்மர்ஷன் லென்ஸ் வைத்து 100 ஃபீல்டு பார்த்தால், நம் கண்ணில் படும் ரத்தம் மொத்தம் கால் மைக்ரோலிட்டர். ஒரு சொட்டு ரத்தத்தை இருநூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. உடம்பில் ஓடுவது ஐந்து லிட்டர். முறையாக 100 ஃபீல்டு பார்த்தாலே நிலைமை இதுதான். பத்து ஃபீல்டு புரட்டிவிட்டு நெகட்டிவ் என்று எழுதினால் அது என்ன பரிசோதனை? அதே அளவு ரத்தத்தை தின் ஸ்மியரில் தேட வேண்டுமானால் பல மடங்கு நேரம் ஆகும். தின் ஸ்மியர் எந்த வகைக் கிருமி என்று பிரித்துச் சொல்லத்தான். இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது திக் ஸ்மியரில்.

ஃபால்சிபாரத்தில் இன்னொரு சிக்கல். முதிர்ந்த கிருமி உள்ள சிவப்பணுக்கள் உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். நோய் முற்றிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே விரல் ரத்தத்தில் கிருமி குறைவாகத் தெரியலாம். கடையில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வந்திருந்தாலும் அப்படித்தான். அதனால் சந்தேகம் இருந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி ஸ்மியர், மொத்தம் மூன்று தடவை. இது பாடப்புத்தகத்தில் இருப்பது, நான் புதிதாகச் சொல்லவில்லை. குளிர் வரட்டும், நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஆள் வந்த நேரத்திலேயே ரத்தம் எடுங்கள்.

சரி, லேப்காரர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

திக் ஸ்மியரை மெத்தனாலில் முக்காதீர்கள். முக்கினால் சிவப்பணு உடையாது, அப்புறம் அடியில் எதுவும் தெரியாது. இதை இன்னமும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பூச்சு எவ்வளவு தடிமன் என்று கேட்பவர்களுக்கு, ஈரமாக இருக்கும்போதே ஸ்லைடைச் செய்தித்தாள்மேல் வையுங்கள். அடியில் உள்ள எழுத்தை வாசிக்க முடிந்தால் சரியான தடிமன். சமமான இடத்தில் வைத்துத் தானாகக் காயவிடுங்கள், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஸ்லைடுக்கு நிறமேற்றும் ஜீம்சா சாயத்துக்கு பஃபரின் பி.எச். 7.2 இருக்க வேண்டும். ரத்தவியல் வேலைக்கு வைத்திருக்கும் 6.8 பஃபரை ஊற்றினால், வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகையை அடையாளம் காட்டும் ஷுஃப்னர் புள்ளிகள் சரியாகத் தெரியாது. வகை பிரிப்பதில் தவறு வரும். குழாய்த் தண்ணீரைப் பற்றி நான் பேசவே போவதில்லை. காலையில் கலக்கிய சாயத்தை மாலையில் ஊற்றாதீர்கள். அது படிகமாக இறங்கி ஸ்லைடெங்கும் கறுப்புத் தூளாகக் கிடக்கும், அதைக் கிருமி என்று எழுதி அனுப்புகிறவர்களும் உண்டு. சிவப்பணுமேல் உட்கார்ந்த தட்டணுவை வளையம் என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். பொய்யான பாசிட்டிவும் ஆபத்துதான். உண்மையான காரணம் வேறெங்கோ இருக்க, நோயாளி மலேரியா மாத்திரை தின்றுகொண்டிருப்பார்.

கார்டு டெஸ்டை நான் குறை சொல்லவில்லை. மைக்ராஸ்கோப் இல்லாத இடத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு, அது உயிர் காக்கும். ஆனால் அதன் பஃபர் அதற்கு மட்டும்தான். உப்புத் தண்ணீரோ வேறு கிட்டின் பஃபரோ ஊற்றினால் வரும் கோட்டுக்கும் பொருள் இல்லை, வராத கோட்டுக்கும் பொருள் இல்லை. எத்தனை நிமிடத்தில் படிக்க வேண்டும் என்று தாளில் போட்டிருந்தால் அந்த நிமிடத்தில் படியுங்கள். டீ குடித்துவிட்டு வந்து படிப்பதல்ல. எத்தனை டிகிரி வரை வைக்கலாம் என்பதும் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். பல கிட்டுகளில் அது 30. ஏப்ரல் மாதம் தகரக் கூரை போட்ட ஸ்டோர் ரூமில் என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஃபால்சிபாரம் கோடு, சிகிச்சை முடிந்த பிறகும் சில வாரங்கள் பாசிட்டிவாகவே காட்டலாம். குணமாகிவிட்டதா என்று பார்க்க ஸ்மியர்தான்.

லேப் நடத்துகிற முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு நெகட்டிவ் ஸ்லைடை ஒழுங்காகப் பார்க்க எட்டுப் பத்து நிமிடம் ஆகும். ஒரே டெக்னீஷியனிடம் ரத்தம் எடுப்பது, சர்க்கரை, சிறுநீர், பில் போடுவது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு எம்.பி.யும் பார் என்றால், அவர் பார்க்க மாட்டார், எழுதத்தான் செய்வார். அது அவர் தவறு மட்டும் அல்ல.

இதில் எனக்குப் பெரிய கவலை வேறு. மலேரியா குறைந்துகொண்டு வருகிறது. 2027க்குள் உள்ளூர்த் தொற்றே இல்லாத நிலை என்பது நாட்டின் இலக்கு. நல்லது. ஆனால் குறையக் குறைய, கிருமியைக் கண்ணால் பார்த்த டெக்னீஷியன்களும் குறைகிறார்கள். பார்க்காத கண் மறந்துவிடும். இலங்கையில் 1963இல் மொத்தமே 17 பேருக்குத்தான் மலேரியா இருந்தது. ஒழிந்துவிட்டது என்று பிடியைத் தளர்த்தினார்கள். அறுபதுகளின் கடைசியில் அது லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மறுபடி பல பத்தாண்டுகள் பாடுபட்டு 2016இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. நம் பகுதியிலிருந்து ரிக் வண்டிகள் ஒடிசா, சத்தீஸ்கர், ஆப்பிரிக்கா வரை போகின்றன. கிருமி வண்டியேறி வரும், இங்கே கொசுவும் இருக்கிறது.

அதனால்தான் குறுக்குச் சோதனை வேண்டும் என்று கெஞ்சுகிறேன். மாதம் பத்து ஸ்லைடு போதும். ஐந்து நெகட்டிவ், ஐந்து கிருமி குறைவான பாசிட்டிவ்; பாசிட்டிவே வராத லேப் நெகட்டிவை மட்டும் அனுப்பட்டும். முதல் ரிப்போர்ட் என்ன என்று தெரியாமல் இன்னொருவர் பார்க்க வேண்டும். விடையைச் சொல்லி அனுப்பினால் அது சோதனையே இல்லை. நெகட்டிவ் ஸ்லைடுகளைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் அடுக்கி வையுங்கள். தவறு வந்தால் அந்த டெக்னீஷியனுக்கு மெமோ கொடுக்காதீர்கள். மெமோ கொடுத்தால் அடுத்த மாதம் நல்ல ஸ்லைடாகப் பொறுக்கி அனுப்புவார்கள். அவரை ஒரு நாள் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

டாக்டர்களே, பரிசோதனைச் சீட்டில் 'காய்ச்சல், எம்.பி.' என்று மட்டும் எழுதாமல், எந்த ஊருக்குப் போய் வந்தார் என்று ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பையனின் மூன்று சீட்டிலும் 'ஒடிசா' என்ற சொல் இல்லை. வெளியூர் போய் வந்தவர்களுக்கும் இதையே சொல்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். ரிப்போர்ட் வாங்கும்போது "திக் ஸ்மியர் பார்த்தீர்களா, எத்தனை ஃபீல்டு?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பஃபர் மாற்றி ஊற்றியதைச் சொன்ன அந்தப் பெண் போன சனிக்கிழமை என் லேப்புக்கு வந்தார். பையனுடைய ஸ்லைடை வைத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. "படத்தில்தான் மேடம் பார்த்திருக்கிறேன்" என்றார். வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறதாம். அந்த ரத்தத்தில் கூடுதலாகப் போட்டு வைத்திருந்த ஸ்லைடுகளில் இரண்டை அவரிடம் கொடுத்தனுப்பினேன். இன்னும் ஏழு இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் எந்த லேப்பிலிருந்தும், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தும் வரலாம். மதியம் இரண்டு மணிக்குமேல் மைக்ராஸ்கோப் காலியாகத்தான் இருக்கும்.