ஃப்ளோரின் அணு வைக்கும் பொறி

‘பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒரே மருந்தைத்தான் ஏற்றுகிறார்கள். ஒருவருக்குக் கட்டி சுருங்குகிறது, இன்னொருவருக்கு அசைவதே இல்லை, வேறொருவர் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிடுகிறார். ஏன்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அந்த மருந்து பெரும்பாலும் 5-ஃப்ளோரோயுராசில். எலியின் கல்லீரல் கட்டிகள் ஆர்என்ஏவின் கட்டுமானப் பொருளான யுராசிலை அதிகமாக இழுத்துக்கொள்கின்றன என்று தெரிந்ததும், அதன் ஐந்தாம் கார்பனில் இருந்த ஒரேயொரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃப்ளோரினை வைத்தார்கள். 1957-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் சார்லஸ் ஹைடல்பெர்கர் குழு செய்த வேலை.

செல் பெருக டிஎன்ஏ வேண்டும், டிஎன்ஏவுக்கு அதன் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமின் வேண்டும். தைமிடிலேட் சிந்தேஸ் என்ற நொதிதான் யுராசில் வகை மூலக்கூற்றைத் தைமின் வகையாக மாற்றுகிறது. அது வேலை செய்யும் அழகைப் பாருங்கள். முதலில் தன் கந்தக அணுவால் யுராசிலின் ஆறாம் கார்பனைப் பிடிக்கும். அப்புறம் ஃபோலேட் என்ற பி வைட்டமின் கொண்டுவரும் கார்பனை ஐந்தாம் இடத்தில் ஒட்டும். கடைசியாக அங்குள்ள ஹைட்ரஜனைப் பிடுங்கினால்தான் பிடி விடும். ஃப்ளோரின் கிட்டத்தட்ட ஹைட்ரஜன் அளவே என்பதால் நொதிக்கு வித்தியாசம் தெரிவதில்லை. முதல் இரண்டு படிகளும் ஒழுங்காக நடக்கும். மூன்றாவதில் ஃப்ளோரின் கழன்று வராது. நொதி, ஃபோலேட், மருந்து மூன்றும் ஒன்றாகப் பிணைந்து அப்படியே நின்றுவிடும். பிடி இன்னும் இறுகட்டும் என்றுதான் கூடவே லூகோவோரின் என்ற ஃபோலேட்டையும் ஏற்றுகிறார்கள்.

பிறகு ஏன் சிலருக்குக் கட்டி அசைவதில்லை? இந்த நொதிக்கான மரபணு மும்முரமாக இயங்கும் கட்டியில், சிக்கியது போக மிச்ச நொதி வேலையைத் தொடரும். இன்னொரு சங்கதியும் உண்டு. இந்த நொதி தன்னைச் செய்யும் குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏ மீதே உட்கார்ந்து, தன் உற்பத்தியைத் தானே அடக்கிவைக்கிறது. மருந்தில் சிக்கிய நொதியால் அப்படி உட்கார முடியாது. உடனே உற்பத்தி கூடிவிடும்! மருந்தே எதிர்ப்பை ஊட்டி வளர்க்கும் இந்த இடம் என்னை இன்னமும் வியக்கவைக்கிறது.

படுத்துவிட்டவரின் கதை கல்லீரலில் இருக்கிறது. ஏற்றிய மருந்தில் 80 சதவீதத்துக்கு மேல் டிபிடி என்ற நொதி சிதைத்துவிடும். பிறவியிலேயே அது குறைந்தவருக்கு வழக்கமான அளவே விஷமாகலாம். ‘கீமோதான் கொன்றது’ என்று ஊர் பேச, அடுத்த நோயாளி லேகியம் தேடிப் போகிறார். சிகிச்சைக்கு முன்பே டிபிடி பரிசோதனை செய்யச் சொல்லி ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் பரிந்துரைத்தது. நம் அரசு மருத்துவமனைகளிலும் முதல் டோஸுக்கு முன் இது நடக்க வேண்டும். ஐரோப்பியரிடம் கண்ட நான்கு மரபணு மாற்றங்களை மட்டும் தேடினால் நம் மக்களிடம் உள்ளவை தப்பிவிடலாம். காப்புரிமை முடிந்த மலிவு மருந்துக்காக எந்த நிறுவனமும் அந்த ஆய்வுக்குச் செலவழிக்கப் போவதில்லை. அரசுதான் பணம் ஒதுக்க வேண்டும்.