வீட்டு லேப்டாப்புக்கு எதற்குப் பூட்டு என்று கேட்பவர்களுக்கு

போன மாதம் ஒரு டீச்சர் என் லேப்டாப் சர்வீஸ் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்றவர், ஏழெட்டு வருடமாக நம்மிடம்தான் சர்வீஸுக்குக் கொடுப்பார். அன்றைக்குக் கையில் லேப்டாப் இல்லை. "பேக் போயிடுச்சு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திருச்சியில் ராத்திரி பஸ் ஏறியவர், விடியற்காலை கிளாம்பாக்கத்தில் அரைத் தூக்கத்தில் இறங்கியிருக்கிறார். மேலே வைத்த பை மேலேயே இருந்துவிட்டது. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்து திரும்பி ஓடியிருக்கிறார், பஸ் அங்கே இல்லை.

லேப்டாப் ஐந்து வருடப் பழசு, அது போனதுகூட அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. மறுநாள் சாயங்காலம் அவருடைய வாட்ஸ்அப்பிலிருந்து, கூட வேலை பார்த்த இன்னொரு டீச்சருக்கு மெசேஜ் போயிருக்கிறது: ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரம், இந்த நம்பருக்கு 15,000 ரூபாய் போடுங்கள். ஏதோ தெரியாத நம்பரிலிருந்து வந்திருந்தால் அவர் யோசித்திருப்பார். இதுவோ டீச்சரின் சொந்த நம்பர், அதே போட்டோ, மேலே தள்ளிப் பார்த்தால் நேற்று வரை இருவரும் பேசியது அப்படியே இருக்கிறது. உடனே போட்டுவிட்டார். டீச்சர் மொபைலை எடுத்துப் பார்ப்பதற்குள் இன்னும் இரண்டு பேருக்கு அதே மெசேஜ்.

அவருடைய வாட்ஸ்அப் அந்த லேப்டாப்பிலும் இணைந்திருந்தது. லேப்டாப்பிலோ பாஸ்வேர்டு கிடையாது. பவர் பட்டனை அழுத்தினால் நேராக டெஸ்க்டாப்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி மாற்றிக் கொடுத்தது நான். "வீட்டுல நான் ஒருத்திதானே தம்பி, ஒவ்வொரு தடவையும் இது என்ன கேள்வி, எடுத்து விட்டுரு" என்றார். நான் ஒரு தடவை வேண்டாம் என்றேன், அவர் மறுபடி கேட்டார், செய்து கொடுத்துவிட்டேன். இப்போது அந்த 15,000 ரூபாயைத் தன் பென்ஷனிலிருந்து திருப்பிக் கொடுத்திருக்கிறார். இது மாதிரி என்னிடம் வந்தது இது முதல் கேஸும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"நான் ஒருத்தன்தானே யூஸ் பண்றேன்." பதினான்கு வருடமாக இந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்பவர்கள் லாகின் ஸ்கிரீனை என்னவென்று நினைத்துக்கொள்கிறார்கள் என்றால், வீட்டில் இருக்கும் மற்றவர்களைத் தடுக்கும் திரை என்று. மனைவி பார்க்கக்கூடாது, பிள்ளை கை வைக்கக்கூடாது, அதற்குத்தான் பாஸ்வேர்டு. எங்கள் வீட்டில் அப்படி ஒளிவு மறைவு இல்லை, ஆகவே பாஸ்வேர்டு வேண்டாம். சிலருக்கு இதில் ஒரு பெருமைகூட உண்டு. ஐயா, உங்கள் வீட்டு வாசல் கதவில் பூட்டு போட்டிருப்பது உங்கள் மனைவியைத் தடுக்கவா? தனியாக இருப்பவர் வெளியே போகும்போது பூட்டாமலா போகிறார்? சொல்லப்போனால் தனி ஆளுக்குத்தான் பூட்டு கூடுதலாகத் தேவை, ஏனென்றால் அவர் இல்லாத நேரத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. லேப்டாப்பும் அப்படித்தான். நீங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் வரை லாகின் ஸ்கிரீனுக்கு வேலையே இல்லை. லேப்டாப் உங்கள் கையில் இல்லாத ஒரு நாளுக்காகத்தான் அந்த ஸ்கிரீன் இருக்கிறது.

"இது வீட்டை விட்டு வெளியே போறதே இல்லை" என்று அடுத்த பதில் வரும். கீல் உடைந்தால் எங்கே கொண்டு வருகிறீர்கள்? என் கடைக்கு. பேட்டரி உப்பினால், கீபோர்டில் டீ கொட்டினால், எல்லாவற்றுக்கும் இங்கேதான் வருகிறது, சில சமயம் ஒரு வாரம் இங்கேயே கிடக்கிறது.

இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கீல் மாற்றி மூடி, டிஸ்ப்ளே கேபிள் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஆன் செய்கிறேன். பாஸ்வேர்டு கேட்காமல் டெஸ்க்டாப் வருகிறது. கடை வைஃபை ஏற்கனவே அதில் சேர்ந்திருந்தால் அடுத்த சில நொடிகளில் வலது மூலையில் வாட்ஸ்அப் மெசேஜ்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. மகள் அம்மாவுக்கு எழுதியது, டாக்டர் அனுப்பிய ரிப்போர்ட், கடன் கேட்டவர் கேட்டது. டெஸ்க்டாப்பிலேயே "ஆதார் பான் எல்லாம்" என்று ஒரு ஃபோல்டர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைஃபையை அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறேன். எல்லாக் கடையிலும், எல்லாப் பையனும் அப்படிச் செய்வான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நீங்களும் அந்த நம்பிக்கையில் கொடுக்கக்கூடாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, ஒரே அக்கவுண்ட், பாஸ்வேர்டு வைக்கவில்லை என்றால் அது நேராக உள்ளே போய்விடும். ஹாலின் மூலையில் துணி போர்த்திய டெஸ்க்டாப், ஹார்ட் டிஸ்க் சுற்றி ஆன் ஆக இரண்டு மூன்று நிமிடம், பட்டனை அழுத்திவிட்டுக் காபி போட்டுக்கொண்டு வருவோம். வந்து பார்த்தால் பாஸ்வேர்டு கேட்டு நின்றுகொண்டிருக்கும், அதன் பிறகு இன்னொரு நிமிடம். எரிச்சல் வரத்தான் செய்யும். அப்போது உள்ளே இருந்ததும் நாலு பாட்டு, ஒரு பயோடேட்டா, கல்யாண போட்டோ. இப்போது எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கில் பத்துப் பதினைந்து நொடியில் ஏறிவிடுகிறது, உள்ளே இருப்பதோ உங்கள் மெயில், உங்கள் பேங்க், உங்கள் வருமான வரிக் கணக்கு, குடும்பம் மொத்தத்தின் ஆதார் நகல். சாமான் மாறிவிட்டது, பூட்டாத பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பேங்கைப் பற்றிச் சொன்னால் "ஓடிபி என் மொபைலுக்குத்தானே வரும்" என்பார்கள். சரி, வரட்டும். அதே மெசேஜை லேப்டாப்பிலேயே பார்க்கிற மாதிரி கூகுள் மெசேஜஸையோ விண்டோஸின் ஃபோன் லிங்க்கையோ நீங்களே இணைத்து வைத்திருக்கிறீர்களே, மறந்துவிட்டதா? டைப் செய்ய வசதியாக இருக்கிறது என்று என்னிடமே காட்டியவர்கள் உண்டு. பல இடங்களில் ஓடிபி மெயிலுக்கும் வரும், மெயில் திறந்தே கிடக்கிறது. குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அப்படியே பார்க்க வேண்டுமென்றால் அது விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்கும்; விண்டோஸில் பாஸ்வேர்டே இல்லையென்றால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, கண் படத்தைத் தொட்டால் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பும் அப்படித்தான். உங்கள் மொபைல் உங்கள் கையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் வரை, நீங்களாகத் துண்டிக்காவிட்டால் லேப்டாப்பில் அது பேசிக்கொண்டேதான் இருக்கும். டீச்சர் விஷயத்தில் நடந்தது இதுதான்.

பாஸ்வேர்டை வைத்துக்கொண்டே கேட்காமல் உள்ளே போகும்படி செய்பவர்கள் இன்னொரு வகை. வீடியோ பார்த்து, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் மாற்றிவிடுவார்கள். அந்த வீடியோக்களைப் போடுபவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: அப்படிக் கையால் எழுதும் பாஸ்வேர்டு அங்கே வெறும் எழுத்தாகவே கிடக்கும். ஒரு தடவை ஒரு வாடிக்கையாளர் "பாஸ்வேர்டு இருக்குண்ணே, எனக்கு மட்டும்தான் தெரியும்" என்று அடம்பிடித்தார். ரெஜிஸ்ட்ரியைத் திறந்து அவர் கண் முன்னாலேயே காட்டினேன். மகள் பெயரும் பிறந்த வருடமும் பளிச்சென்று இருந்தன. அது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பாஸ்வேர்டு, அவருடைய ஜிமெயிலுக்கும் அதேதான். முகம் வெளுத்துவிட்டது. விண்டோஸிலேயே இருக்கும் நெட்பிள்விஸ் என்ற அமைப்புப் பெட்டி வழியாகச் செய்தால் இந்த அளவு பச்சையாகத் தெரியாது, ஆனால் எதையும் மாற்றும் அதிகாரமுள்ள அட்மின் அக்கவுண்டில் இருப்பவரால் எடுக்க முடியும். தானாக லாகின் ஆவது பெரும்பாலும் அட்மின் அக்கவுண்டுதான்.

புது லேப்டாப் வாங்கியவர்கள் "டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கு, பயமில்லை" என்பார்கள். டிஸ்க்கில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பதுதான் என்கிரிப்ட். நல்லதுதான். விண்டோஸ் 11-ன் 2024-ம் ஆண்டுப் பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தால் பெரும்பாலான லேப்டாப்களில் அது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டுப் படிக்க முடியாது. ஆனால் அதே லேப்டாப்பில் ஆன் செய்யும்போது உள்ளே இருக்கும் சிப் தானே சாவியைக் கொடுத்து டிஸ்க்கைத் திறந்துவிடும், அதற்கு மேல் இருக்கும் ஒரே தடை லாகின் ஸ்கிரீன். அதையும் எடுத்துவிட்டால் இரும்புப் பெட்டி வாங்கிச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட மாதிரி. ஆப்பிள் மேக்கில் ஃபைல்வால்ட் என்ற டிஸ்க் என்கிரிப்ஷனை ஆன் செய்திருந்தால் தானியங்கி லாகினைத் தேர்ந்தெடுக்கவே விடமாட்டார்கள். அங்கே யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. லாகின் பாஸ்வேர்டு மட்டும் இருந்து டிஸ்க் என்கிரிப்ட் ஆகவில்லை என்றால், எனக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கழற்றிய டிஸ்க்கை மாட்ட நூற்றுக்கணக்கில் விலையுள்ள ஒரு யுஎஸ்பி கேஸும் போதும், பத்து நிமிடத்தில் உங்கள் ஃபைல்கள் என் ஸ்கிரீனில் இருக்கும். டேட்டா ரெக்கவரிக்குத் தினமும் செய்கிற வேலை அதுதான். அதனால் இரண்டும் வேண்டும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆன் ஆகியிருந்தால், பூட்டிக்கொண்டால் திறக்க உதவும் அதன் ரெக்கவரி கீ, 48 இலக்கம், உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்த அக்கவுண்டும் மறந்து, கீயும் இல்லாமல், பேரனின் போட்டோவெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது என்று வந்தவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது, டைப் அடிக்கக் கஷ்டம் என்பது நியாயமான குறை, அதிலும் வயதானவர்களுக்கு. அதற்குத்தான் பின் நம்பர் (PIN) இருக்கிறது. "நாலு நம்பர் எப்படிப் பாதுகாப்பு?" என்று கேட்காதீர்கள். அந்த நம்பர் அந்த ஒரு மெஷினில் மட்டும்தான் செல்லும், பின்னால் நின்று யாராவது பார்த்துவிட்டால்கூட அதை வைத்துக்கொண்டு வேறு இடத்திலிருந்து உங்கள் மெயிலுக்குள் நுழைய முடியாது, தப்பாகப் போட்டுக்கொண்டே போனால் பூட்டிக்கொள்ளும். 6 இலக்கமாக வையுங்கள். பிறந்த வருடம் வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம், 123456 வைத்துவிட்டு என்னிடம் வராதீர்கள். கைரேகை இருந்தால் இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலைப் பதியுங்கள், வெங்காயம் நறுக்கிய கைக்கு ஒன்று படிக்காவிட்டால் மற்றது படிக்கும். அதற்கு ஆகும் நேரம் மூடியைத் திறந்து கண்ணாடியைப் போடும் நேரம்.

அப்புறம், ஆன் ஆகும்போது கேட்டால் மட்டும் போதாது. பாதிப் பேர் லேப்டாப்பை ஷட் டவுன் செய்வதே இல்லை, மூடி வைப்பதோடு சரி. சைன் இன் ஆப்ஷன்ஸில், தூக்கத்திலிருந்து எழும்போது பாஸ்வேர்டு கேட்க வேண்டுமா என்ற இடத்தில் "நெவர்" என்று இருந்தால் மாற்றுங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனையும் எல்-லையும் சேர்த்து அழுத்துங்கள், பூட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வருபவர்கள், பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கென்று அட்மின் அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் ஒன்றைத் தனியாகப் போட்டுக் கொடுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும் அதன் பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதும், கீலும் கீபோர்டும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு உங்கள் அக்கவுண்ட் தேவையில்லை. தேவைப்படுகிற வேலை என்றால் பக்கத்தில் உட்காருங்கள், அதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. டிவியோடு இணைத்து யூடியூப் மட்டும் பார்க்கும் பழைய பெட்டி, அதில் உங்கள் மெயிலோ வாட்ஸ்அப்போ இல்லை என்றால், அதற்கு வேண்டாம், விடுங்கள்.

தொலைந்துவிட்டது என்று தெரிந்த நிமிடமே, பஸ் டிப்போவுக்குப் போன் போடுவதற்கும் முன்னால், மொபைலை எடுத்து வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸுக்குள் போய் அந்த லேப்டாப்பை லாக் அவுட் செய்யுங்கள். கூகுள் அக்கவுண்டில் உங்கள் டிவைஸ்கள் இருக்கும் பட்டியலில் அதை வெளியேற்றி, மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பேங்குக்குச் சொல்லுங்கள், உடனே சொல்லுங்கள். 2017-ல் ரிசர்வ் பேங்க் கொண்டுவந்த விதியில், நம் கவனக்குறைவால் போன பணம் என்றால் நாம் தெரிவிக்கும் வரை போனது நம் தலையில்தான். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பணம் அடுத்த அக்கவுண்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். டீச்சருக்கு இதில் எதுவுமே தெரியாது. ஒன்றரை நாள் பையைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

இந்தப் பதினான்கு வருடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் பாஸ்வேர்டை எடுத்து விட்டிருக்கிறேன். எத்தனை பேருக்கு என்று கணக்கு இல்லை. அதில் நீங்களும் ஒருவர் என்றால் லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள், அல்லது பக்கத்தில் விவரம் தெரிந்த பிள்ளையிடம் சொல்லிப் பின் நம்பர் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்கு வந்தால் ஐந்து நிமிடம் ஆகும், காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை நான் இருப்பேன்.