சாம்பாரில் பருப்பு எத்தனை கைப்பிடி?

என் அறைக்கு வருபவர்களிடம் நான் எடையைக் கேட்பதற்கு முன்பே கேட்பது ஒன்றுதான்: "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?" திருச்சியில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சைவம் சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலுடன் தொடங்குவார்கள். "நாங்கள் சுத்த சைவம், மேடம். சாப்பாட்டில் குறையே இருக்காது."

சென்ற ஆண்டு வந்த ஒரு தையல்காரப் பெண்மணியும் அப்படித்தான் சொன்னார். வயது 43, எடை 55 கிலோ, ஹீமோகுளோபின் 9.2. படியேறினால் மூச்சு வாங்குகிறது, சீவும்போது முடி கொத்தாக வருகிறது. காலையில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும், மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், மாலையில் தேநீரும் ரஸ்க்கும், இரவு தோசை. நம் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே பட்டியல்தான் வரும்.

"சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு போடுவீர்கள் அம்மா?"

"ஒரு கைப்பிடி. நான்கு பேருக்கு அது போதும்."

என் மேசையில் சிறிய சமையல் தராசும் ஒரு டப்பா துவரம்பருப்பும் எப்போதும் இருக்கும். அவரையே அள்ளிப் போடச் சொன்னேன். 45 கிராம். ஆளுக்குப் பங்கிட்டால் 11 கிராம், அதில் புரதம் இரண்டரை கிராம். அதுவும் நான்கு பேரும் சமமாக ஊற்றிக்கொண்டால்தான். இவர் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுபவர். சாம்பார் தீர்ந்த நாளில் ரசமும் மோருமே அவருக்கு.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். இவருக்கு ஏறக்குறைய 46 கிராம். அரிசி, இட்லி உளுந்து, பருப்பு, தேநீரில் விட்ட பால் எல்லாவற்றையும் கூட்டினோம். 30 கிராமை ஒட்டி நின்றுவிட்டது. 2024இல் அதே நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடும் ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குப் பருப்பு, பயறு வகை 85 கிராம் என்று இருக்கிறது. இவர் தட்டில் உளுந்தையும் சேர்த்து 35 கிராம்தான். வயிறு நிறைந்திருக்கிறது, ஆனால் நிறைத்தது அரிசி.

அரிசியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது. இட்லி, பொங்கல், அடை என்று இரண்டையும் சேர்த்தே சமைத்த கைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, சேர்மானம் தெரிந்திருக்கிறது. நம் காலத்தில் கெட்டுப்போனது அளவு மட்டும்தான். பொங்கலில் பாசிப்பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

அவருக்கு நான் புதிதாக எந்தப் பண்டமும் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று இரவு தோசைக்குப் பதில் அடை: அரிசி ஒரு பங்கு, துவரை, கடலை, பாசிப்பருப்பு மூன்றும் சேர்ந்து ஒரு பங்கு, கைநிறைய முருங்கைக்கீரை. கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்து ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்துக் கூட்டாகச் செய்வது. கீரையின் கரோட்டின் உடலில் சேர அந்தக் கொஞ்சம் எண்ணெய் தேவை. பிறகு எனக்கு மிகப் பிடித்த பருப்பு உசிலி. ஊறவைத்த துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் மிளகாயோடு கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் உதிர்த்துக் கொத்தவரங்காயோடோ வாழைப்பூவோடோ பிரட்டுவது. ஒரு பொரியலுக்குள் இவ்வளவு பருப்பை வைக்க வேறு வழி எனக்குத் தெரியாது. விசேஷ நாளுக்கென்று அதை ஒதுக்கிவைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மாலை நான்கு மணிக்குச் சுண்டல். ஆளுக்கு 30 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலை என்று கணக்கிட்டு இரவே ஊறவைத்தால், மறுநாள் ஆறு கிராம் புரதம் கிடைக்கிறது. சாம்பார் தந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். காராமணி, மொச்சை, பட்டாணி, கொள்ளு என்று மாற்றிக்கொள்ளலாம். வேகாமல் போய்விடுமோ என்று சமையல் சோடா போடாதீர்கள், பயறிலுள்ள தயமின் என்ற பி1 வைட்டமின் அதில் அழிந்துபோகிறது. எட்டு மணி நேரம் ஊறி, ஊறிய நீரை வடித்துக் குக்கரில் வைத்த கடலைக்குச் சோடா தேவையே இல்லை. வாயுத் தொல்லையும் பெருமளவு குறையும். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வெந்து வீணாகும்.

அந்த எலுமிச்சைக்கு இன்னொரு வேலையும் உண்டு. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் சிரமப்பட்டுத்தான் உறிஞ்சுகிறது. வைட்டமின் சி அதற்குக் கைகொடுக்கும். தேநீரிலுள்ள டானின் தடுத்துவிடும். இந்தப் பெண்மணி மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரையைக் காலைத் தேநீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார், நான்கு மாதமாக! யாரும் சொல்லவில்லை என்றார். எனக்கு அன்று மிகவும் கோபம் வந்தது, அவர்மீது அல்ல. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இவ்வளவு பேருக்கு மாத்திரையைக் கொடுக்கும் நாம், அதைத் தேநீரோடு விழுங்காதீர்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாமா? உணவுக்கும் தேநீருக்கும், மாத்திரைக்கும் தேநீருக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும்.

மூன்று மாதம் கழித்து அவருடைய ஹீமோகுளோபின் 11.4 ஆகியிருந்தது. அதில் பெரும்பங்கு சரியாக விழுங்கிய மாத்திரையினுடையது. சுண்டல் சாப்பிடுகிறேன் என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கேழ்வரகைப் பற்றி நாள்தோறும் கேட்கிறார்கள். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால் அது சர்க்கரையை ஏற்றாது என்று நம்பி, நீரிழிவு உள்ளவர்கள் மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பெரிய டம்ளரில் குடிக்கிறார்கள். நன்றாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய எந்தத் தானியமும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். அவர்கள் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையாக, கூட்டோடு அளவாகச் சாப்பிடலாம்.

பாலும் தயிரும்கூட விட்டுவிட்டு முழுத் தாவர உணவுக்கு மாறிய இளைஞர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். அவர்கள் விருப்பத்தை மதிக்கிறேன். பி12 வைட்டமின் மட்டும் செடிகொடிகளில் கிடையாது. ஸ்பைருலினாவில் இருப்பதாக விற்கப்படுவது நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். குறை முற்றினால் விரல்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும், நரம்பு பாதிப்பு முழுவதும் திரும்பாமலும் போகலாம். ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவில் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பருப்புக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். அவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் நோயின் நிலையைப் பொறுத்து அளந்து தர வேண்டியவை. கீரையைக்கூட நீர் வடித்துத்தான் தருவோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையோடு எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவமனையின் உணவு ஆலோசகரைப் பாருங்கள், முடிந்தால் வீட்டில் பருப்பு அளக்கும் டம்ளரையும் கொண்டுபோங்கள்.