சொல் விளக்கம்: சிஎம்எஸ் என்கிற உள்ளடக்க மேலாண்மை முறைமை

இணையதளம் நடத்துகிறவர்கள் பேச்சில் ஓயாமல் அடிபடுகிற சொல் சிஎம்எஸ். விரித்தால் கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம். தமிழில் பெரும்பாலும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்று எழுதுகிறோம். வேர்ட்பிரஸ், ஜூம்லா, த்ருபால் எல்லாம் இந்த வகை மென்பொருள்கள்தான்.

பொருள் சிக்கலானதல்ல. தளத்தில் வெளியாகும் கட்டுரைகளைத் தரவுத்தளத்திலும் படங்களைக் கோப்புறைகளிலும் வைத்துக்கொண்டு, அவற்றை எழுத, திருத்த, வெளியிட, நீக்க ஒரு கட்டுப்பாட்டுப் பலகையைத் தருகிற மென்பொருள். நிரல் எழுதத் தெரியாதவரும் உள்நுழைந்து, தட்டச்சு செய்து, ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது.

இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பழைய முறையைப் பார்க்க வேண்டும். அப்போது ஒவ்வொரு பக்கமும் தனித்தனி எச்டிஎம்எல் கோப்பு. கட்டுரை, மேலே உள்ள பட்டை, பக்கவாட்டு மெனு, அடியில் வரும் முகவரி என்று எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள் பின்னிக் கிடக்கும். மெனுவில் ஒரு வரி சேர்க்க வேண்டுமா? 300 பக்கம் உள்ள தளத்தில் 300 கோப்புகளையும் திருத்தி, கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி முறை வழியாக, தளம் இருக்கும் கணினியான வழங்கியில் மறுபடி ஏற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அந்தப் பக்கம் மட்டும் பழைய மெனுவோடு நிற்கும். யாராவது சொல்கிற வரை தெரியாது. எழுதியதையும் அது கண்ணுக்குத் தெரிகிற விதத்தையும் பிரித்து வைத்ததுதான் சிஎம்எஸ் செய்த பெரிய காரியம். வாசகர் ஒரு முகவரியைத் திறக்கும்போது, கட்டுரையைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, பக்கத்தின் தோற்றத்தை வைத்திருக்கும் வார்ப்புருவில் பொருத்தி, அந்த நிமிடமே பக்கத்தை உண்டாக்கி அனுப்புகிறது. மெனு ஓரிடத்தில்தான் இருக்கிறது. அதை ஒருமுறை மாற்றினால் 300 பக்கத்திலும் மாறிவிடும்.

1990-களின் நடுவில் அன்றாடம் செய்தி வெளியிடும் தளங்களுக்குத்தான் இந்தத் தலைவலி முதலில் வந்தது. தொழில்நுட்பச் செய்திகளை வெளியிடும் சிநெட் நிறுவனம் தன் சொந்தத் தேவைக்கு எழுதிய நிரல், பிறகு விக்னெட் நிறுவனம் வழியாக ஸ்டோரிசர்வர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எல்லாருக்கும் கைக்கெட்டியது 2000-க்குப் பிறகு. த்ருபால் 2001-இல் வந்தது. பி2 என்ற பழைய நிரலிலிருந்து கிளைத்த வேர்ட்பிரஸ்ஸை மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே 27 அன்று வெளியிட்டார்கள். மாம்போ என்ற நிரலிலிருந்து 2005-இல் பிரிந்தது ஜூம்லா. ‘எல்லாம் சேர்ந்து’ என்று பொருள்படும் ‘ஜும்லா’ என்ற சுவாகிலிச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. இன்று உலகின் இணையதளங்களில் பத்தில் நான்குக்கும் மேல் வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகின்றன.

சரி, சொல்லுக்கு வருவோம். கன்டென்ட் என்பதன் வேர், ‘சேர்த்துப் பிடித்து வை’ என்று பொருள்படும் லத்தீன் வினை. உள்ளே அடங்கியிருப்பது என்கிற உள்ளடக்கம் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. ஒரே ஒரு சங்கடம். நூல்களில் பொருளடக்கத்தையும் சிலர் உள்ளடக்கம் என்றே அச்சிடுகிறார்கள். அதனால் கட்டுப்பாட்டுப் பலகையில் ‘உள்ளடக்கம்’ என்று ஒரு பட்டியல் தெரிந்தால், புதிதாக வருகிறவர் அது தலைப்புகளின் வரிசையா, கட்டுரைகளா என்று தயங்குவார். தலைப்பு வரிசையைப் பொருளடக்கம் என்றும், மற்றதை உள்ளடக்கம் என்றும் கண்டிப்பாகப் பிரித்துக்கொண்டால் தீர்ந்தது.

மேனேஜ் என்பது இத்தாலியில் குதிரையைப் பழக்குவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் இருப்பது கை என்ற பொருளுள்ள லத்தீன் ‘மனுஸ்’. நம்மிடமும் கையாள் என்ற வினை இருக்கிறது. கையும் ஆளுதலும் சேர்ந்தது. வேரைப் பார்த்தால் ‘உள்ளடக்கக் கையாளுகை’தான் நெருக்கமானது. ஆனாலும் நான் அதை வற்புறுத்த மாட்டேன், ஏனென்றால் மேலாண்மை ஏற்கெனவே ஊன்றிவிட்டது. அதுவும் ‘ஆள்’ என்ற அதே வேரில் பிறந்ததுதான்; வேளாண்மையில் உள்ள ‘ஆண்மை’தான் இதிலும் இருக்கிறது. இலங்கையில் இதையே முகாமைத்துவம் என்பார்கள். நிர்வாகம் என்றாலும் புரியும், ஆனால் அதில் அலுவலக வாடை கொஞ்சம் தூக்கல்.

எனக்கு உடன்பாடில்லாதது கடைசிச் சொல்தான். அமைப்பு என்பது இங்கே அளவுக்கு மீறிச் சுமக்கிறது. செட்டிங்ஸ் என்பதற்கு அமைப்புகள். லேயவுட்டுக்குப் பக்க அமைப்பு. ஒரு சங்கமோ அறக்கட்டளையோ கூட அமைப்பு. ‘எங்கள் அமைப்பு தன் உள்ளடக்க மேலாண்மை அமைப்பின் அமைப்புகளை மாற்றியது’ என்று எழுதிப் பாருங்கள், விளங்கும். இலங்கைத் தமிழில் சிஸ்டம் என்பதற்கு நெடுநாளாக முறைமை என்ற சொல் புழங்குகிறது. ஓர் ஒழுங்கில் இயங்குவது என்ற பொருளைத் தெளிவாகத் தருகிறது, வேறெதோடும் மோதுவதில்லை. எனவே என் தேர்வு உள்ளடக்க மேலாண்மை முறைமை. பேச்சில் சிஎம்எஸ் இருந்துவிட்டுப் போகட்டும். முதலெழுத்துகளைச் சேர்த்து ‘உமேமு’ என்று சொல்லச் சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இதோடு ஒட்டி வரும் சொற்களில் இரண்டு கவனத்துக்குரியவை. வேர்ட்பிரஸ்ஸில் பயனர்களுக்கு எடிட்டர், ஆதர் என்ற பொறுப்புகள் உண்டு. எடிட்டர் பிறர் எழுதியதையும் திருத்தி வெளியிடலாம். ஆதர் தன்னுடையதை மட்டும். தமிழில் பத்திரிகை ஆசிரியர் என்றால் எடிட்டர், நூலாசிரியர் என்றால் ஆதர். வெறும் ‘ஆசிரியர்’ என்று போட்டுவைத்தால், புதிதாகச் சேர்ந்தவருக்குத் தளத்தின் எல்லாக் கட்டுரைகளையும் அழிக்கும் உரிமை தவறுதலாகப் போய்விடலாம். பதிப்பாசிரியர், எழுத்தாளர் என்று பிரிப்பது பாதுகாப்பானது. அடுத்தது ஹெட்லெஸ் சிஎம்எஸ். உள்ளடக்கத்தைச் சேமித்து, பிற நிரல்கள் கேட்டுப் பெறுவதற்கான ஏபிஐ என்ற இணைப்பு வழியாகக் கொடுப்பதோடு இது நின்றுகொள்ளும். வாசகருக்குக் காட்டும் முகப்பை வேறு நிரல் பார்த்துக்கொள்ளும். ‘தலையற்ற’ என்று நேராக மாற்றினால் முண்டம்தான் நினைவுக்கு வருகிறது. முகப்பில்லா முறைமை என்றால் இல்லாதது எது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், சொல்லின் நீளமும் ஒரு நடைமுறைப் பிரச்சினைதான். கட்டுரைத் தலைப்பிலிருந்தே பக்கத்தின் முகவரியை வேர்ட்பிரஸ் உருவாக்கிக்கொள்ளும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முகவரியில் ஏறும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து 3 இடம் பிடிக்கும். ஆக, ஒரு குறிக்கு 9 இடம். ‘மே’ என்பதில் மகரமும் ஏகாரக் குறியும் தனித்தனி என்பதால் 18. முகவரியில் தலைப்பு வரும் பகுதிக்கு ஒதுக்கப்பட்டிருப்பது மொத்தம் 200 இடம். ‘உள்ளடக்க மேலாண்மை அமைப்பு’ என்று தலைப்பிட்டால், இடைக்கோடுகளையும் சேர்த்து 209 ஆகிறது. கடைசி உகரக் குறி உதிர்ந்து முகவரி ‘அமைப்ப’ என்று முடியும். ‘முறைமை’ என்றால் சரியாக 200. இதற்காக அந்தச் சொல்லை நான் தேர்ந்தெடுக்கவில்லை. தலைப்பு இன்னும் ஒரு சொல் நீண்டால் அதுவும் வெட்டுப்படும். வெளியிடுவதற்கு முன்பே முகவரிப் பெட்டியைத் திறந்து கையால் சுருக்கிவிடுவது நல்லது. பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் புதிய முகவரிக்குத் திருப்பிவிடப்படுகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.